ஈயைக் கொல்லாது இல்லத்தைக் காத்தல்

(மகாவீரர் ஜயந்தி விழா உரை)



பங்குனியும் சித்திரையும் சந்திக்கும் நாள்களை ஒட்டிப் பகவான் மகாவீரரின் திருப்பிறப்பு கொண்டாடப்படுகிறது. காவிரிப் படுகையில் மாவும் பலாவும் பழுக்கத் தொடங்கும் காலமும் அதுவே. பழத்தின் மணம் பரவியதும் ஈக்களும் இல்லந்தோறும் அழையா விருந்தாக வந்து சேர்கின்றன. எவ்வுயிரையும் வருத்தலாகாது என்னும் அறத்தைப் பறைசாற்றும் திருநாளிலேயே, அன்னதானப் பந்தியில் அமர்ந்தோர் ஒரு கையால் உண்டு மறு கையால் ஈயோட்ட வேண்டியதாகிறது.

பிறர்க்கு ஈ என்பது வெறும் தொல்லை. அடித்தால் தீர்ந்தது என்று அவர்கள் எண்ணலாம். சமண இல்லறத்தார்க்கோ அஃது ஓர் அறச்சிக்கல். அடித்துக் கொன்றால் கொல்லாமை விரதம் பழுதுபடும். அடிக்காமல் விட்டால் தொட்டிலில் உறங்கும் குழந்தையின் பாற்சங்கிலும், முதியவரின் கஞ்சிக் கிண்ணத்திலும் அந்த ஈ வந்து அமரும். இவ்விரண்டுக்கும் இடையே வழியுண்டா என்பதே இவ்வுரை எடுத்துக்கொண்ட வினா. வழி உண்டு. அது பிறந்த ஈயைத் தேடிச் செல்லும் வழியன்று, ஈ பிறக்கும் இடத்தை இல்லாமற் செய்யும் வழி. அறநூலுக்கு உகந்த அவ்வழியே பயன் மிக்கதும் ஆகும்.

ஈயின் வாழ்வு

வீட்டு ஈ ஒன்று ஒரு முறைக்கு ஏறத்தாழ 75 முதல் 150 முட்டைகள் வரை இடும். தன் வாழ்நாளில் ஐந்தாறு முறை இட்டு, மொத்தம் 500 முட்டைகள் வரை ஈனும். அம்முட்டை உலர்ந்த இடத்தில் பிழைக்காது. ஈரமும், அழுகும் பொருளும் அதற்கு வேண்டும். தஞ்சையின் வெப்பத்தில் ஒரு நாளைக்குள் முட்டை பொரிந்து வெண்புழு வெளிவரும். அப்புழு நான்கு முதல் ஏழு நாள் ஈரக்கழிவை உண்டு வளரும். வளர்ந்தபின் குவியலின் ஓரத்திலுள்ள உலர்ந்த மண்ணை நாடிச் சென்று பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாகும். மேலும் மூன்று முதல் ஆறு நாள் கழித்துச் சிறகுடன் வெளிவரும். ஆகவே கோடையில் ஏழு முதல் பத்து நாளுக்குள் ஒரு தலைமுறை நிறைவெய்திவிடும்.

இதன் கணக்கை எண்ணிப் பார்த்தல் நன்று. ஓர் ஈ இட்ட 500 முட்டைகளில் பாதி பெண் என்று கொண்டால் 250. அவை ஒவ்வொன்றும் 500 முட்டையிட்டால் 1,25,000. எல்லா முட்டையும் பிழைப்பதில்லை. ஆயினும் கொல்லைப்புறத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு கூடை எச்சில் இலை எத்தனை உயிர்களின் பிறப்புக்கும் இறப்புக்கும் களமாகும் என்பதை இக்கணக்கு உணர்த்தும். சிறகு முளைத்த ஈக்களுள் பத்தை அடித்து வீழ்த்துவோர், அதே நேரத்தில் குப்பைக்குழியில் ஆயிரம் பிறப்பதை அறிவதில்லை. அடித்தவர்க்குப் பாவம் சேர்ந்தது, ஈயோ குறையவில்லை.

ஈ கடிப்பதில்லையே, உணவில் அமர்ந்தால் என்ன என்று கேட்பாரும் உளர். திட உணவை ஈ கடித்துத் தின்ன இயலாது. தன் உமிழ்நீரைக் கக்கிக் கரைத்தே உறிஞ்சும். சற்று முன் மலத்திலும் சளியிலும் அமர்ந்த கால்களோடும் வாயோடும் அது சோற்றின்மேல் அமர்கிறது. சீதபேதி, வாந்திபேதி, குடற்காய்ச்சல் முதலிய நோய்களின் கிருமிகள் இவ்வாறும் பரவும். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டுச் சிற்றூர்களில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 1999-இல் வெளியாயிற்று. ஈக்கள் குறைக்கப்பட்ட ஊர்களில், கண்ணைக் கெடுக்கும் டிரக்கோமா நோய் புதிதாகத் தோன்றுவது நான்கில் மூன்று பங்கு குறைந்தது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அங்கே கையாண்ட முறை மருந்து தெளித்தல். அது சமணர் விரும்பும் முறையன்று. எனினும் ஈ பெருகுவதற்கும் குழந்தைகள் நோயுறுவதற்கும் உள்ள தொடர்பை அவ்வாய்வு ஐயமறக் காட்டியது. ஆதலின் ஈயைப் பெருகவிட்டுப் பேசாதிருத்தல் கொல்லாமை ஆகாது.

அறநூல் காட்டும் நெறி

ஹிம்சை யாது என்பதற்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் இலக்கணத்தில் முதலில் நிற்பது கருத்தின்மை. சோர்வுற்ற மனமொழிமெய்களால் உயிர்க்கு ஊறு செய்தலே ஹிம்சை என்பது அதன் கருத்து. கையில் கோலெடுத்து அடிப்பது மட்டும் கொலையன்று. கவனியாது விட்டதனால் விளையும் கேடும் அக்கணக்கில் சேரும். தமிழில் இல்லறத்தார் ஒழுக்கத்தைக் குறட்பாக்களாகத் தொகுத்த அருங்கலச்செப்பு, சமந்தபத்திரர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைத் தழுவியது. பயனின்றி உயிர்களை வருத்தும் செயல்களை விலக்கும் அநர்த்ததண்ட விரதத்தை இந்நெறி வற்புறுத்துகிறது. அவ்விரதம் விலக்கும் ஐந்தனுள் ஒன்று பிரமாதசரியை, அதாவது கருத்தின்றி நடத்தல். மற்றொன்று ஹிம்சாதானம், அதாவது கொலைக்கருவியையும் நஞ்சையும் பிறர்க்கு வழங்குதல். குப்பையைக் கருத்தின்றிக் கொட்டுதல் முன்னதன்பாற்படும். அதனால் பெருகிய ஈக்களை ஒழிக்க நஞ்சு வாங்கி வேலையாளின் கையில் கொடுத்தல் பின்னதை ஒக்கும்.

துறவோர்க்கு விதித்த ஐந்து சமிதிகளுள் உத்சர்க்க சமிதி என்பது ஒன்று. உடற்கழிவை உயிர்களில்லாத, உலர்ந்த இடத்தைப் பார்த்துப் பிற உயிர்க்கு ஊறின்றி நீக்குதலே அது. முனிவர் கையிலுள்ள மயிற்பீலி அமருமிடத்தில் உள்ள உயிரை மெல்ல விலக்குவது போல, இவ்விதி கழிவிடத்தில் உயிர்கள் வந்து மாளாமற் காக்கிறது. இல்லறத்தார் இதனை முழுதும் மேற்கொள்ள இயலாது. எனினும் கழிவை எங்கே, எப்படி நீக்குவது என்பதும் அறத்தின் ஒரு கூறே என்பதை இவ்விதி அவர்க்கும் நினைவூட்டுகிறது.

ஈ முதலியவை சம்மூர்ச்சனமாகப் பிறப்பன என்று சமண நூல்கள் கூறும். 1668-இல் இத்தாலிய அறிஞர் பிரான்செஸ்கோ ரெடி, சில கலங்களில் இறைச்சியை இட்டுச் சிலவற்றைத் திறந்தும், சிலவற்றை மெல்லிய துணியால் மூடியும் வைத்தார். திறந்த கலங்களில் புழு தோன்றிற்று. துணியிட்ட கலங்களில் தோன்றவில்லை. ஈக்கள் அத்துணியின்மேலேயே முட்டையிட்டன. நூல்வழி விளக்கமும் உயிரியல் விளக்கமும் வேறுவேறாயினும், இரண்டும் இல்லறத்தார்க்கு இடும் கட்டளை ஒன்றே. ஈரக்கழிவு திறந்து தேங்கிக் கிடக்கலாகாது. குடிநீரைத் துணியால் வடிகட்டி அருந்தும் மரபினர்க்கு, ஒரு துண்டுத் துணி உயிர்களைக் கொல்லாது விலக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

நஞ்சு தந்த பாடம்

டி.டி.டி. என்னும் மருந்து இரண்டாம் உலகப் போரின் காலத்தில் பரவிற்று. ஒருமுறை சுவரில் தெளித்தால் திங்கள் கணக்கில் பூச்சிகளைக் கொல்லும் அதன் ஆற்றலைக் கண்டு உலகம் வியந்தது. அதன் பூச்சிக்கொல்லித் திறனைக் கண்டறிந்த பால் முல்லர்க்கு 1948-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அப்பரிசு வழங்கப்படுவதற்கு முன்னரே, 1946, 1947 ஆம் ஆண்டுகளில், சுவீடனிலும் இத்தாலியிலும் அம்மருந்துக்கு அஞ்சாத வீட்டு ஈக்கள் தோன்றிவிட்டன. நஞ்சைத் தாங்கிப் பிழைத்த சில ஈக்கள் தம் இனத்தைப் பெருக்கின. விரைந்து பெருகும் உயிர் விரைந்து பழகியும் கொள்ளும். அதன்பின் வந்த பல மருந்துகளுக்கும் இந்நிலையே நேர்ந்தது. எருக்குழி ஈரமாய்க் கிடக்கும்வரை நஞ்சால் ஈயை வெல்ல முடியாது என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை.

கடைகளில் விற்கும் பசைத்தாளும் மின்வலையும் நஞ்சற்றவை என்பதால் குற்றமற்றவை என்று சிலர் கருதுவர். பசைத்தாளில் ஒட்டிய ஈ நெடுநேரம் துடித்து மாள்கிறது. மின்வலையில் கருகிய ஈயின் துகள் உணவிலும் தெறிக்கும். இவை கொலையின் வடிவை மாற்றினவேயன்றிக் கொலையை நீக்கவில்லை.

படுகை வீடும் கொல்லையும்

காவிரிப் படுகையின் வீடு முற்றமும் தாழ்வாரமும் தொழுவமும் கொல்லையும் உடையது. இவ்வமைப்பில் ஈ பிறக்கும் இடங்கள் சிலவே. அவற்றை அறிந்துகொண்டால் பாதிப் பணி முடிந்தது.

முதலாவது தொழுவம். சாணம் மட்டும் விரைவில் மேற்புறம் உலர்ந்துவிடும். கோமியமும் மிதிபட்ட வைக்கோலும் கலந்து கட்டுத்தறியின் அடியில் தேங்கும் சேறே ஈக்கு உகந்த இடம். தரையைச் சற்றே சாய்வாக அமைத்து, கோமியம் ஒரு கால்வாய் வழியே தொட்டிக்கோ தென்னையடிக்கோ செல்லுமாறு விட்டால் அச்சேறு உண்டாகாது. சாணத்தை நாள்தோறும் அகற்ற வேண்டும். வறட்டி தட்டுதல் பழைய வழக்கமாயினும் பொருள் பொதிந்தது. மெல்லியதாய்ச் சுவரில் தட்டிய சாணம் வெயிலில் விரைந்து உலர்வதால் அதில் முட்டை பிழைப்பதில்லை. மாட்டுப் பொங்கலன்று தொழுவத்தைக் கழுவி மெழுகுவது சிறப்பே. அதன் பயன் ஆண்டு முழுதும் நிற்க வேண்டுமாயின் வாரந்தோறும் ஒரு சிறு மாட்டுப் பொங்கல் வேண்டும்.

இரண்டாவது வைக்கோற்போர். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வீடு சேரும் வைக்கோல் ஐப்பசி மழையில் அடிப்புறம் நனைந்து மக்கத் தொடங்கும். வீட்டு ஈயைப் போன்றே தோன்றி, மாட்டின் காலில் அமர்ந்து இரத்தம் உறிஞ்சும் ஈ இவ்வாறு நனைந்த வைக்கோலில் பெருகும். மாடு காலை உதைத்துக்கொண்டும் வாலை வீசிக்கொண்டும் நிலைகொள்ளாது நிற்பதும், பால் குறைவதும் அதனால் நேரலாம். போரின் அடியில் கல்லும் மரக்கட்டையும் இட்டு உயர்த்திக் காற்றோட விடுவதும், மழைக்கு முன் மேலே மூடுவதும் அதற்குரிய காப்பு.

மூன்றாவது எருக்குழி. வீட்டு ஈரக்கழிவும் சாணமும் இங்கேயே சேர்கின்றன. ஈரத்தின்மேல் எப்போதும் உலர்ந்த ஒன்று இருத்தல் வேண்டும் என்பதே இங்கு விதி. படுகையில் உலர்பொருளுக்குப் பஞ்சமில்லை. அரிசி ஆலையின் உமியும் சாம்பலும், தென்னையின் நார்க்கழிவும், மரத்தடிச் சருகும், காய்ந்த மண்ணும் எளிதிற் கிடைக்கும். ஒரு கூடை காய்கறித் தோலைக் கொட்டியவுடன் அது கண்ணுக்குத் தெரியாதவாறு சருகையோ உமியையோ பரப்பிவிட வேண்டும். மணம் அடங்கும், மேற்புறம் உலரும், ஈ முட்டையிட இடம் காணாது திரும்பும். குழியின்மேல் நெருங்கிய வலையொன்றை விரித்தால் காப்பு இரட்டிக்கும்.

நான்கைந்து மாடுகள் உடைய இல்லத்தார் சாண எரிவாயுக் கலம் அமைத்தல் மிக நன்று. நடுவண் அரசு 1981-82 முதல் இதற்கெனத் தேசியத் திட்டம் ஒன்றை நடத்தி வந்தது. 2 கன மீட்டர் அளவுள்ள கலத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோ சாணம் வேண்டும். சாணம் மூடிய கலத்துக்குள் செல்வதால் ஈ அதனை அணுகாது. செரித்து வெளிவரும் குழம்பும் புதுச்சாணம்போல் ஈயை ஈர்ப்பதில்லை. அடுப்புக்கு எரிவாயுவும் வயலுக்கு எருவும் கிடைக்கின்றன.

நான்காவது பழமரத்தடி. உதிர்ந்து வெடித்த மாம்பழமும், உரித்தெறிந்த பலாச்சக்கையும் ஒரு பகற்பொழுதுக்குமேல் கிடக்கலாகாது. மாடு தின்பவற்றை அன்றே மாட்டுக்கு இடுதல் இரண்டு உயிர்க்கும் நன்மை. கழுநீர்த்தொட்டியின் விளிம்பில் ஒட்டிக்கிடக்கும் புண்ணாக்குக் குழம்பையும் கழுவ மறத்தலாகாது.

ஐந்தாவது கழிப்பறை. நீரடைப்பு உள்ள கழிப்பறையில் ஈ உட்புக வழியில்லை. செப்டிக் டேங்கின் மூடியில் வெடிப்பிருந்தாலும், காற்றுக்குழாயின் தலையில் வலை கட்டப்படாதிருந்தாலும் அதுவே ஈக்கும் கொசுவுக்கும் வாயிலாகும். கைக்குட்டையளவு வலைத்துண்டு ஒன்றைக் கட்டினால் பல நூறு உயிர்களின் பிறப்பும் இறப்பும் தவிர்க்கப்படும்.

நாற்புலனும் நான்கு வழியும்

சமண நூல்கள் ஈயை நான்கறிவுயிர் என்று வகுக்கும். ஊறு, சுவை, நாற்றம், ஒளி என்னும் நான்கையும் அது அறியும். தொல்காப்பிய மரபியலும் உயிர்களை அறிவின் அளவால் வகுத்துக் காட்டுவதைத் தமிழறிந்தோர் அறிவர். அந்நான்கு புலன்களே ஈயைக் கொல்லாது விலக்கும் நான்கு வாயில்களுமாகும்.

நாற்றத்தால் ஈ வருகிறது. ஆதலின் குப்பைக் கூடைக்கு மூடி வேண்டும். கூடையையும் மூடியின் உட்புறத்தையும் கழுவி வெயிலில் கவிழ்த்தல் வேண்டும். வேப்பிலை, நொச்சிப் புகைமூட்டமும் கற்பூரமும் சற்றுநேரம் விலக்கும். அழுகிய பொருள் அருகில் இருப்பின் புகை அடங்கியதும் ஈ திரும்பும்.

சுவையை ஈ தன் காலாலும் அறியும். அமர்ந்த இடத்தில் இனிப்போ எச்சிலோ தட்டுப்பட்டால் அங்கேயே தங்கும். பால் சிந்திய மேடை, பானகம் ஒழுகிய தரை, குழந்தையின் வாயோரம் ஆகியவற்றை உடனே துடைத்தால் ஈக்குத் தங்கும் காரணம் இல்லை. சமைத்த உணவின்மேல் வலைமூடியோ தட்டோ எப்போதும் இருக்க வேண்டும்.

ஊறு என்னும் புலனால் காற்றின் அசைவை ஈ உணரும். விசையுடன் வீசும் காற்றில் அதனால் எளிதில் அமர இயலாது. பரிமாறும் இடத்தில் ஒரு மின்விசிறி ஓடினால், கை வீசாமலே ஈ விலகும்.

ஒளியை நோக்கி ஈ பறக்கும். அறைக்குள் புகுந்த ஈக்களை வெளியேற்ற எல்லாச் சன்னல்களையும் சாத்தி, வெளிச்சமுள்ள ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் அவை தாமே வெளியேறும். எஞ்சிய ஒன்றிரண்டை ஒரு தம்ளரால் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகி வெளியே கொண்டுபோய் விடலாம். பிறகு வலைக்கதவு காவல் செய்யும்.

இங்கே ஒரு செய்தி குறிப்பிடத் தக்கது. ஈ பகலில் இயங்கி இரவில் கூரையிலும் கயிற்றிலும் அடங்கும். இரவில் உண்போரின் இலையில் ஈ பெரும்பாலும் அமர்வதில்லை. இரவுண்ணாமை காக்கும் சமண இல்லத்தாரோ ஈ விழித்திருக்கும் பகற்பொழுதிலேயே எல்லா வேளையும் உண்கின்றனர். விளக்கொளியில் வந்து மாளும் பூச்சிகளை அவ்விரதம் காக்கிறது. பகலில் ஈயினின்று உணவைக் காக்கும் கடமை அவர்க்குப் பிறரினும் மிகுதி என்பது இதனால் பெறப்படும்.

புழு தோன்றிவிட்டால்

எவ்வளவு காத்தாலும் சில வேளை குப்பையைக் கிளறும்போது வெண்புழுக்கள் நெளிவதைக் காண நேரும். இதுவே மிகக் கடினமான இடம். கொதிநீர் ஊற்றுவோரும், தீயிடுவோரும், வெயிலில் பரப்பிக் காக்கைக்கும் மைனாவுக்கும் இடுவோரும் உளர். மூன்றும் கொலையே. புழு தோன்றிய பின் முற்றிலும் தூய வழி எதுவும் எஞ்சுவதில்லை. முன்னரே காக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணமும் இதுவே.

ஆயினும் தீங்கு குறைந்த ஒரு வழி உண்டு. அக்குவியலைக் கிளறாது விட்டு, அதன்மேல் இனி ஈரக்கழிவு எதனையும் சேர்க்காது நிறுத்துதல் அவ்வழி. புதுக்கழிவுக்கு வேறோர் இடத்தில், முன்சொன்ன உலர்மூடியுடன், புதுக்குழி தொடங்க வேண்டும். பழைய குவியலின் புழுக்கள் பத்து நாளுக்குள் சிறகு பெற்று அகலும், குவியலும் உலரும். அந்த ஒரு தலைமுறையின் தொல்லையை அடுக்களை மூடிகளாலும் வலைக்கதவாலும் பொறுத்துக்கொண்டால், அடுத்த தலைமுறைக்கு அவ்வீட்டில் பிறப்பிடம் இராது. இல்லறத்தில் அடுப்பெரித்தலும் உழுதலும் பெருக்குதலும் சிற்றுயிர்களை வருத்தவே செய்கின்றன. அதனை ஆரம்ப ஹிம்சை என்று வகுத்து, முற்றும் நீக்க இயலாத அதனைக் கருத்துடன் குறைக்கச் சொல்கின்றன நூல்கள். எருக்குழியும் அவ்வகையில் அடங்கும். ஊரில் கொள்ளைநோய் பரவுங்கால் குழந்தைகளின் உயிரைக் காக்கச் சுகாதாரத் துறையினர் மேற்கொள்ளும் பணிக்குத் தடையாக நிற்பதும் அறமாகாது.

திதிகளை ஒட்டிய தூய்மை

ஈயின் தலைமுறை ஏழு நாளில் நிறைவெய்தக் கூடுமாதலால், துப்புரவுப் பணிகளுக்கிடையே ஏழு நாள் இடைவெளி விழலாகாது. இதனை நினைவிற் கொள்ளப் புதிய நாட்குறிப்பு வேண்டுவதில்லை. அட்டமியும் சதுர்த்தசியும் சமண இல்லங்களில் நோன்பு நாள்கள். அந்நாள்களில் வீட்டுவேலைகளைக் குறைத்து அறத்தில் நிற்றல் மரபு. ஆகவே அவற்றுக்கு முந்தைய நாள்களாகிய சப்தமியிலும் திரயோதசியிலும் தொழுவம், எருக்குழி, குப்பைக் கூடை, சாக்கடை ஆகியவற்றைத் தூய்மை செய்யலாம். திரயோதசிக்கும் அடுத்த சப்தமிக்கும் இடையே ஒன்பது திதிகள் வருவதால், நடுவே திருதியை நாளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறாயின் திருதியை, சப்தமி, திரயோதசி என நான்கு முதல் ஆறு நாளுக்கொருமுறை பணி நிகழும். முட்டையிலிருந்து சிறகுவரை எந்த ஈயும் அவ்வீட்டில் முழுமை பெறாது. மகாவீரர் பிறந்தருளியதும் வளர்பிறைத் திரயோதசியே என்பது இல்லத்தாரின் நினைவுக்கு மேலும் துணையாகும்.

ஆலயமும் ஊரும்

ஓர் ஈ ஒன்றிரண்டு கிலோமீட்டர் பறந்து செல்லவும் வல்லது. ஆதலின் ஒரு வீட்டின் தூய்மை அவ்வீட்டைக் காக்கப் போதாது. கரந்தை ஆதீசுவரர் ஆலயத்தைச் சுற்றியும், கும்பகோணம், மன்னார்குடி, தீபங்குடி ஜினாலயங்களைச் சார்ந்தும் வாழும் குடும்பங்கள் பிற சமயத்தாரோடு கலந்து வாழ்கின்றன. தன் கொல்லையைத் துலக்கி, அள்ளிய குப்பையைத் தெருமுனையிலோ வாய்க்காலிலோ கொட்டுபவர் ஈயை ஒழித்தவர் அல்லர், இடம் மாற்றியவரே ஆவர். தஞ்சை நகருக்குள் புது ஆறு என்று வழங்கும் கல்லணைக் கால்வாய் வயல்களுக்கு நீர் தருவதற்கு வெட்டப்பட்டது; குப்பை சுமப்பதற்கன்று. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஈரக்கழிவையும் உலர்கழிவையும் தீங்கு விளைக்கும் கழிவையும் வீட்டிலேயே பிரித்துத் தரக் கட்டளையிட்டன. பிரித்துத் தராத ஈரக்கழிவு பிளாஸ்டிக் பைக்குள் அழுகிக் குப்பைக் கிடங்கைச் சேருமிடத்தில், அதன் அருகே வாழும் ஏழைக் குடும்பங்களின் சோற்றில் அந்த ஈ அமரும். அக்குழந்தைகளின் நோயிலும் குப்பையைப் பிரிக்காதவர்க்குப் பங்குண்டு.

தென்னந்தோப்பு உடையோர்க்கும் ஒரு வேண்டுகோள். கோழிப்பண்ணை எருவை வாங்கி வந்து தோப்பின் ஓரத்தில் நாள்கணக்கில் திறந்து குவித்து வைத்தல் சுற்றுப்புற ஊர்களுக்கு ஈயை ஏவுதல் போன்றது. ஈரமான கோழி எருவை ஈக்கள் பெரிதும் விரும்பும். உலர்ந்த எருவை வாங்குதலும், வந்த அன்றே மண்ணிட்டு மூடுதலும் வேண்டும்.

நிறைவாக ஆலயத்தைப் பற்றிச் சில சொல்லலாம். திருமஞ்சனப் பாலும் இளநீரும் கருப்பஞ்சாறும் வடியும் கால்வாய் அன்றன்றே நீர்விட்டுக் கழுவப்பட்டால் அங்கே ஈ மொய்க்காது. பந்தி முடிந்தபின் எச்சில் இலைகளை மதிலுக்குப் பின்னே வீசிவிடும் வழக்கம் எங்கேனும் இருப்பின் அது மாற வேண்டும். விழாவுக்கு முன்னரே ஆலயத்தின் கொல்லையில் ஒரு குழி வெட்டி, அருகே உமியும் சருகும் காய்ந்த மண்ணும் மூட்டைகளில் வைத்திருக்கலாம். ஒவ்வொரு பந்தி முடிந்ததும் இலைகளை அதில் இட்டு உலர்பொருளால் மூட இரண்டு இளைஞர்கள் பொறுப்பேற்றால் போதும். சமைத்தவர்க்கும் பரிமாறியவர்க்கும் உள்ள புண்ணியத்தில் அவர்க்கும் பங்குண்டு.

விழா செம்மையாக நடந்ததா என்பதைக் கூட்டத்தின் அளவைக் கொண்டு மதிப்பிடுவது வழக்கம். இனி வேறோர் அளவும் இருக்கட்டும். விழா முடிந்த ஏழாம் நாள் ஆலயத்தின் பின்புறம் சென்று பார்த்தால், அங்கே புழு நெளியாமலும் ஈ மொய்க்காமலும் இருக்க வேண்டும். அங்கே ஒருவரும் ஓர் ஈயையும் அடித்திராமலும் இருக்க வேண்டும். அவ்வாறு இருக்குமாயின் அவ்விழா கொல்லாமை அறத்தைச் சொல்லாலன்றிச் செயலாலும் கொண்டாடியது ஆகும்.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!